வெள்ளி, பத்தரையிலிருந்து பன்னிரண்டு

பாட்டிலை மோந்து பாக்குது பாருங்க தம்பி, அந்தப் போலீஸ் பொண்ணு. மண்ணெண்ணெய் கொண்டாந்திருக்கமான்னு சோதிக்கிறாங்களாம். கலெக்டர் ஆபீஸ் வாசல்ல எவனோ ஒருத்தன் மேல ஊத்திக்கிட்டதுலேர்ந்து திங்கக்கிழமை தவறாம இந்தக் கூத்துதான். மூக்கை வச்சா பாதுகாப்பு குடுக்கிறது? என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாத்துச்சு, ஃபைலைத் தொடவே இல்ல. ஃபைலுக்குள்ள வச்சிருந்தா என்ன பண்ணுமாம்? நான் சொன்னா கோவிச்சுக்கும். ஒரு வெளிநாட்டுத் தூதரகத்து வாசல்ல பதினோரு வருஷம் காவலுக்கு நின்னவன் நான். எனக்குத் தெரியாத சோதனையா.

மணி என்ன தம்பி? ஆறு அம்பதா. நேரம் இருக்கு. எட்டு மணிக்குத்தான் டோக்கன் குடுக்க வருவாங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்க, பட்டா மாத்தவா? அதெல்லாம் நடந்துரும், பத்துப் பதினஞ்சு மனு போட்டா நடந்துரும். எனக்கு இது பதினாலாவது மனு. என் பேரு வைரக்கண்ணு, பட்டுக்கோட்டைப் பக்கம். கேள்விப்பட்டிருப்பீங்க, பேப்பர்ல போட்டோவோட வந்திருக்கு. இல்லையா? சரி, விடுங்க.

வீரதீரச் செயலுக்குன்னு குடியரசு தினத்துல பதக்கம் குத்துறாங்கல்ல, அதுக்குக் கலெக்டர் சிபாரிசு பண்ணி எழுதணும். அதைத்தான் கேக்குறேன், வேற ஒண்ணும் கேக்கல. போன தடவை என் மனுவைக் கால்நடைத் துறைக்கு அனுப்பிட்டாங்க. அங்கேருந்து பதில் வந்துச்சு, தங்கள் பகுதியில் அடுத்த மாதம் தடுப்பூசி முகாம் நடைபெறும்னு. சிரிக்காதீங்க. அவங்களாவது பதில் போட்டாங்க.

எந்த நாட்டுத் தூதரகம், எந்த ஊர்ல இருந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. குண்டு வச்சவன் யாரு, எதுக்கு வச்சான்னும் கேக்காதீங்க. அது ராஜாங்கத்துக்கு ராஜாங்கம் உள்ள பகை, நமக்கு எதுக்கு அது. நான் சொல்ல வந்தது என் விஷயம்.

வாசல்ல ரெண்டு பேர் நிக்கணும். காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். ஒருத்தர் வண்டிக்கு அடியில கண்ணாடியை விட்டுப் பாக்கணும். நீளக் கம்பு, முனையில கண்ணாடி, அடியில சின்னச் சக்கரம். இன்னொருத்தர் கூண்டுக்குள்ள நின்னுக்கிட்டு பட்டனை அமுக்கணும். அமுக்கினா தடுப்புக் கம்பி மேல ஏறும், திரும்ப அமுக்கினா கீழ இறங்கும். லேசான கம்பி இல்ல தம்பி, லாரியே வந்து மோதினாலும் நிக்கிற கனம். கண்ணாடி என் வேலை. முதல் இடம்னு அதுக்குப் பேரு. பட்டன் சூசை மிக்கேல் வேலை.

மிக்கேல் தூத்துக்குடிப் பக்கம் கடக்கரைக்காரரு. என்னைவிட ரெண்டு வயசு மூத்தவரு, ஆனா அண்ணேன்னு கூப்பிட்டா பிடிக்காது. அவரு என்னை வேய்னு கூப்பிடுவாரு, நான் அவரை மிக்கேலுன்னு கூப்பிடுவேன். கழுத்துல ஜெபமாலை, வாயில எந்நேரமும் பாக்கு. நல்ல மனுஷன். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை, பதினாலு மனுவுலயும் எழுதியிருக்கேன், நல்ல மனுஷன்னு.

இப்ப என் பழக்கத்தைச் சொல்லணும். நான் ராகு காலம் பாக்குறவன். சும்மா பேச்சுக்குப் பாக்குறவன் இல்ல. ராகு காலத்துல பல்லு கூட விளக்க மாட்டேன். ஊர்லேர்ந்து போறப்பவே எங்க மளிகைக் கடையில குடுத்த தினசரி காலண்டரைப் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டு போயிட்டேன். அங்க கடிகாரம் நம்ம ஊர்க் கடிகாரத்துக்குப் பின்னாடி ஓடும். அப்ப ராகு காலத்தை எந்தக் கடிகாரத்துல பாக்குறது? மூணு நாள் தூக்கமே இல்ல. அப்புறம் எங்க ஜோசியருக்குப் போன் போட்டேன். அவரு, நீ எந்த ஊர்ச் சோத்தைத் தின்னுறியோ அந்த ஊர்க் கடிகாரந்தான்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் பிசகினதில்லை. திங்கள் ஏழரை ஒம்பது, செவ்வாய் மூணு நாலரை, வியாழன் ஒண்ணரை மூணு, வெள்ளி பத்தரை பன்னெண்டு, இப்படி. அந்த ஒண்ணரை மணி நேரம் நான் வாசல்ல இருக்க மாட்டேன். பின்னால ஜெனரேட்டர் ரூமுக்கு அந்தப் பக்கம் ஒரு டீ ரூம் இருக்கு, அங்க போயி உக்காந்துருவேன்.

மிக்கேல் ஆரம்பத்துல கேலி பண்ணுவாரு. ராகு காலத்துல புதுசா ஒண்ணை ஆரம்பிக்கத்தானவே கூடாது, ஆரம்பிச்ச வேலையைப் பாக்கலாம்லாம்பாரு. நான் சொல்லுவேன், வர்ற வண்டி ஒவ்வொண்ணும் ஒரு புது ஆரம்பம்தானே மிக்கேல். அவரு தலையை ஆட்டிக்கிட்டே கம்பை வாங்கிக்குவாரு. கிறிஸ்தவ வேதத்துல உள்ளவருக்கு ராகு கேது கிடையாது, அதனால அவரை அண்டாது. அதுதான் எங்களுக்குள்ள ஒப்பந்தம். என் ராகு காலத்துக்கு அவரு நிக்கிறது, அவரு ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு நான் நிக்கிறது. நானும் நின்னுருக்கேன். ஒரு ரெண்டு தடவை இருக்கும். ஞாயித்துக்கிழமை காலைல எனக்குக் கறிக்கடைக்குப் போற வேலை இருக்கும், அவருக்கே தெரியும்.

ஒத்தை ஆளா நிக்கிறதுல ஒரு சிரமம் இருந்துச்சு. கண்ணாடி விட்டுப் பாத்துட்டு இருபது எட்டு ஓடிப்போயி கூண்டுல பட்டனை அமுக்கணும். திரும்ப ஓடி வந்து அடுத்த வண்டியைப் பாக்கணும். அவருக்கு முட்டிவலி வேற. பாக்கவே எனக்கு மனசு கேக்கல. நான்தான் யோசனை சொன்னேன், நான் இல்லாத நேரம் கம்பியை மேலயே தூக்கி விட்டுருங்க, கையைக் காட்டி வண்டியை நிறுத்துங்க, பாத்துட்டு அனுப்புங்க, எதுக்கு ஓடிக்கிட்டுன்னு. அவரு முதல்ல தயங்கினாரு. அப்புறம் ஒத்துக்கிட்டாரு. அடுத்தவன் கஷ்டத்தைப் பாக்குற புத்தி எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே உண்டு தம்பி.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. பத்தே காலுக்கே வெயில் சுள்ளுன்னு இருந்துச்சு. விசா ஹால் நிறைஞ்சு கிடந்துச்சு, பள்ளிக்கூட லீவு சமயம், பிள்ளைகுட்டியோட வந்திருந்தாங்க. பத்து இருபத்தெட்டுக்கு நான் கண்ணாடிக் கம்பை மிக்கேல் கையில குடுத்தேன். இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தியா இருக்கே, சமாளிச்சுக்குவீங்களான்னு கேட்டேன். கேட்டேன் தம்பி, கேக்காம போகல. பாக்கைத் துப்பிட்டுச் சொன்னாரு.

"நீரு போயிட்டு வாரும்வே. நான் நிக்கேன்."

அவ்வளவுதான் அவரு சொன்னது.

நான் போயி டீயை ஊத்திக்கிட்டு, பிஸ்கட்டை நனைக்கிறேன். பத்து நாப்பது. சத்தம்னு சொல்ல முடியாது, தரை அப்படியே ஒரு தடவை எந்திரிச்சு உக்காந்துச்சு. பிஸ்கட்டு கிளாசுக்குள்ள விழுந்துருச்சு. சுடுடீ முழுக்க கையில. இந்தா, இங்க பாருங்க தழும்பு, தெரியுதா? வெளிச்சத்துல பாத்தாத் தெரியும். காயம்ங்கற இடத்துல இதைத்தான் எழுதியிருக்கேன். டாக்டர் சீட்டும் வச்சிருக்கேன்.

வெளியில வந்தா வாசல் இருந்த இடத்துல வாசல் இல்ல. ஒரே புகை, காகிதமாப் பறக்குது, விசா ஃபாரம். உள்ளேருந்து சனங்க அலறிக்கிட்டு ஓடி வருது. எல்லாரும் உசுரோட ஓடி வருது, அதைக் கவனிங்க. ஒரு வேன் தம்பி, வேன் நிறைய குண்டு. அது ஹாலுக்குப் போகணும்னுதான் வந்திருக்கு. இன்னும் நாப்பதடி போயிருந்தா நூத்திப் பத்து பேர். போகல. கம்பிக்கு அடியில மாட்டிக்கிட்டு அங்கேயே வெடிச்சிருச்சு. கம்பி இறங்கியிருந்துச்சு.

மிக்கேல் கிடைக்கல. அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஜெபமாலை கிடைச்சுச்சு.

மணி என்ன? ஏழு பத்தா. சொல்லி முடிச்சிரலாம்.

இப்பதான் என் பிரச்சனை ஆரம்பிக்குது. டூட்டி சீட்டுல வெள்ளிக்கிழமை பத்துலேர்ந்து பன்னெண்டு, முதல் இடம்னு என் பேர்தான் இருக்கு. வேனுக்குக் கிட்ட முதல் இடத்துல நின்னவன்தான் செத்திருப்பான்னு ஒரு கணக்கு. ஆஸ்பத்திரி, போலீசு, எல்லாக் குழப்பத்துலயும் எவனோ அந்தச் சீட்டைப் பாத்து இறந்தவர் வைரக்கண்ணுன்னு அறிவிச்சுட்டான். எங்க போனையெல்லாம் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. ஒரு பகல், ஒரு ராத்திரி நான் செத்துப் போயிட்டேன்.

ஊரே திரண்டிருச்சு தம்பி. கடைத்தெருவுல பன்னெண்டடிக்கு ஃபிளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி, கடல் கடந்து காவல் காத்த வீரத் திருமகன்னு. என் கல்யாணப் போட்டோவைப் போட்டு, மீசையைக் கொஞ்சம் பெரிசாக்கி, பின்னால தேசியக்கொடி. நாலு கட்சிக்காரனும் மாலையோட வந்திருக்கான். எங்க தெருவுக்கு என் பேரை வைக்கிறதுன்னு பேசி முடிச்சிட்டாங்க. மறுநாள் காலைல நான் போன் பண்ணேன். பொழைச்சிருக்கேன்னேன். எங்க சித்தப்பா போனை எடுத்தவரு, அப்ப தெருவுக்கு என்ன பண்றதுன்னு கேட்டாரு. அப்புறம் எல்லாம் நின்னு போச்சு. உசுரோட இருக்கிறது ஒரு குத்தமா? நான் என்ன வேணும்னா பொழைச்சேன்? அந்த ஃபிளெக்ஸ் இன்னும் இருக்கு, மாட்டுக் கொட்டகைக்கு மேல கட்டியிருக்கேன், மழைக்கு ஒழுகாது.

இதுல இன்னொண்ணு. அன்னைக்கு ராத்திரி மிக்கேல் வீட்டம்மா, ஜெனோவான்னு பேரு, எங்க வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கு. எங்க வீட்டம்மாவுக்கு ஆறுதல் சொல்ல. அதுவரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்ல. தைரியமா இரும்மா, எங்க வீட்டுக்காரரு அங்கதானே இருக்காரு, உங்க வீட்டுக்காரரை நல்லபடியாப் பாத்து ஊருக்கு அனுப்பி வைப்பாருன்னு ஒரு மணி நேரம் பேசியிருக்கு. கூடவே ஜெபம் பண்ணியிருக்கு. மறுநாள்தான் தெரிஞ்சுச்சு. சீட்டுல பேரு மாறிப் போனா அதுக்கு யாரு என்ன பண்ணமுடியும்? எங்க வீட்டம்மா அதைக் கேட்டதுலேர்ந்து ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் ஊருக்குத் திரும்பி வந்து பாக்குறேன், சுவத்துல ஆணி இருக்கு, காலண்டர் இல்ல. ஏன்னு கேட்டா, எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருச்சு. நான் புதுசு வாங்கி மாட்டினா மறுநாள் இருக்காது. இப்ப பாக்கெட்டுல வச்சுக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை எங்க வீட்டம்மா மட்டும் பஸ் ஏறி ஜெனோவா வீட்டுக்குப் போயிட்டு வருது. என்னைக் கூப்பிடறதில்லை. நானா வர்றேன்னு சொன்னப்பவும், வேண்டாம்னுருச்சு.

இதெல்லாம் போகட்டும். பதக்கம் எதுக்குக் கேக்குறேன்னு சொல்றேன், இதை நல்லாக் கேளுங்க. எவனும் செய்யாத காரியம் நான் செஞ்சேன்.

குண்டு வச்ச கும்பல்ல ஒருத்தன் தங்கியிருந்த ரூம்ல ஒரு நோட்டு கிடைச்சுச்சு. அதுல வரிசையா மணி எழுதியிருக்கான். வேற ஒரு வார்த்தை கிடையாது. தலைமையிடத்துலேர்ந்து பெரிய பெரிய ஆளுங்க வந்து மூணு வாரமா மண்டையை உடைச்சுக்கிறாங்க. ரகசியக் குறியீடுங்கிறான் ஒருத்தன். ரயில் நேரமான்னு பாத்தாங்க, தொழுகை நேரமான்னு பாத்தாங்க, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாங்க, ஒண்ணும் பிடிபடல. அப்ப என்னை விசாரிக்கக் கூப்பிட்டாங்க. நெட்டையா ஒரு அதிகாரி, பக்கத்துல நம்ம பாஷை பேசுற ஒரு பொண்ணு. மேசை மேல அந்த நோட்டோட நகல் கிடக்கு. நான் தலைகீழா ஒரு பார்வைதான் பாத்தேன். திங்கள் ஏழரை ஒம்பது. செவ்வாய் மூணு நாலரை. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அம்மா, இது ராகு காலம்னேன்.

அந்தப் பொண்ணு மொழிபெயர்க்கவே இல்ல, என்னையே பாத்துச்சு. நான் பையிலேர்ந்து காலண்டரை எடுத்து ஒவ்வொண்ணா வச்சுக் காட்டினேன். ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்ல. புதன்கிழமை மட்டும் அவன் எதுவும் எழுதல, அந்த இடம் காலி. எனக்கும் புதன்கிழமைதான் வார லீவு. பாருங்க, எப்பேர்ப்பட்ட ஒத்துமை. நான் சொன்னேன், ஐயா, இந்தக் கும்பல்ல நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் இருக்கான், பஞ்சாங்கம் தெரிஞ்சவன், ஆனா அரைகுறை. முழுசாத் தெரிஞ்சவன் ராகு காலத்துல காரியத்தை ஆரம்பிப்பானா? அதனாலதான் வேன் பாதியிலேயே நின்னு போச்சுன்னேன்.

அந்த அதிகாரி சட்டுன்னு எந்திரிச்சு வெளியில போனாரு. அப்புறம் இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டு கதவைச் சாத்தினாரு. இந்த நேரத்துலயெல்லாம் நீ எங்க இருப்பேன்னு கேட்டாங்க. டீ ரூம்லன்னேன். தினமுமான்னாங்க. ஒரு நாள் தவறினதில்லைன்னு பெருமையா சொன்னேன். கம்பி எப்படி இருக்கும்னாங்க. மேல இருக்கும், அந்த யோசனையும் என்னுதுதான்னேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? மூணு தடவை கேட்டாங்க, மூணு தடவையும் ஒரே பதில். அவங்களுக்கு ஒரே ஆச்சரியம்.

அப்புறம் வீடியோ போட்டுக் காட்டினாங்க. வாசல் கேமராவுல பதிஞ்சது. சத்தம் கிடையாது. மிக்கேல் கண்ணாடிக் கம்போட நிக்கிறாரு. தூரத்துல தெருமுனையிலேர்ந்து வேன் வேகமா வருது. கையைக் காட்டுறாரு, நிக்கல. அவரு கம்பைக் கீழ போட்டுட்டு கூண்டைப் பாத்து ஓடுறாரு, அந்த முட்டியை வச்சுக்கிட்டு. பட்டனை அமுக்குறாரு. கம்பி இறங்குது, வேன் அதுக்கடியில மாட்டுது. அதுக்கப்புறம் ஒரு ரெண்டு செகண்டு இருக்கும் தம்பி. அந்த ரெண்டு செகண்டுல அவரு திரும்பிப் பின்னால பாக்குறாரு. டீ ரூம் பக்கம். நிறுத்தி நிறுத்தி மூணு தடவை காட்டினாங்க. எதுக்குப் பாத்தாருன்னு கேட்டாங்க.

எனக்கு எப்படித் தெரியும்? மணி பாத்திருப்பாரு. அந்தப் பக்கச் சுவத்துல ஒரு கடிகாரம் உண்டு. இன்னும் எவ்வளவு நேரம்னு பாத்திருப்பாரு.

அதை நினைச்சா சில நாள் சோறு இறங்க மாட்டேங்குது. சரி, அது வேற.

எல்லாத்தையும் எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. நல்ல நேரமான்னு பாத்துட்டுத்தான் போட்டேன். ஒருத்தர் காபி கொண்டாந்து வச்சாரு. பத்து நாள்ல ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பி வச்சுட்டாங்க. ஏர்போர்ட் வரைக்கும் ரெண்டு பேர் கூடவே வந்தாங்க. ஒரு வார்த்தை நன்றின்னு சொல்லல. நான் அதைத் தப்பா எடுத்துக்கல, ரகசியக் குறியீட்டை உடைச்ச ஆளை எல்லா நாட்டுலயும் இப்படித்தான் கமுக்கமா அனுப்பி வைப்பாங்க, பாதுகாப்புக்காக. ஆனா ஒரு பதக்கம் குடுத்துருக்கலாம்ல? புதுசாக் கட்டின வாசல்ல பித்தளைப் பலகை வச்சிருக்காங்களாம், சூசை மிக்கேல்னு. வைக்கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா அது என் இடம் தம்பி. சீட்டுல என் பேரு இருக்கு. கீழ சின்ன எழுத்துலயாவது, இவர் வைரக்கண்ணுவின் இடத்தில் நின்றார்னு போட்டிருக்கலாம். அதுவும் எப்பத் திறந்தாங்க தெரியுமா, வெள்ளிக்கிழமை பத்து நாப்பதுக்கு. எப்படி விளங்கும்?

மனுவை வேணும்னா படிச்சுப் பாருங்க. வேண்டாமா. சரி.

மணி என்ன இப்ப? ஏழு இருபத்தேழா? அடடா, பேச்சுல கவனிக்கல. திங்கக்கிழமைல்ல, ஏழரை ஒம்பது. நான் அந்தப் பக்கம் டீக்கடையில போயி உக்காந்திருக்கேன். டோக்கன் குடுக்கிறவன் எட்டு மணிக்கு வருவான், ஆள் இல்லேன்னா இடம் போயிரும். நீங்க இப்படி ஒரு எட்டு முன்னால வந்து என் இடத்துல நின்னுக்குங்க. இந்த ஃபைலையும் கையில வச்சுக்குங்க. உங்களுக்குத்தான் ராகு காலம் அதெல்லாம் கிடையாதே, இந்தக் காலத்துப் பிள்ளை.

வைரக்கண்ணுன்னு கூப்பிட்டா ஆமான்னு சொல்லுங்க, போதும். மிக்கேலும் அப்படித்தான் சொல்லுவாரு.